கிங் ஷாகா வேலியோரம் கேமராவோடு நிற்கப் போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் பொதுச் சாலையில் நின்றுகொண்டு, தலைக்கு மேலே போகிற விமானத்தைப் படம் எடுப்பது குற்றம் இல்லை. ப்ளேன் ஸ்பாட்டிங் (விமானங்களைத் தேடிப் போய்ப் பார்த்து, படம் எடுக்கும் பொழுதுபோக்கு) பழக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குற்றம் இல்லை என்பதால் யாரும் வந்து கேட்கமாட்டார்கள் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். கேட்பார்கள். முழ நீள லென்ஸை வைத்துக்கொண்டு வேலிப்பக்கம் அரை மணி நேரமாக நிற்கிற ஆளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிற காவல்காரருக்குச் சம்பளம் எதற்கு? அவர் வருவார். வந்த பிறகு பேச்சு ஐந்து நிமிடத்தில் முடியுமா, ஸ்டேஷன் வரை இழுக்குமா என்பதில் பாதி உங்கள் கையில் இருக்கிறது. வந்தவர் யார், அவருக்கு எதுவரை அதிகாரம் உண்டு என்று தெரிந்துவைத்திருப்பதுதான் அந்தப் பாதி.

இதை டர்பன் பக்கம் இருக்கிற நம்மவர்களை நினைத்து எழுதுகிறேன். வெருளம், டோங்காட், ஃபீனிக்ஸில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு விமான நிலையம் வாசலில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களுக்கு ஊரும் புதிது, சட்டமும் புதிது. முன்பெல்லாம் விமானம் பார்ப்பது மெர்பேங்க், இசிபிங்கோ பிள்ளைகளின் பொழுதுபோக்கு. பழைய லூயி போத்தா விமான நிலையம் அந்தப் பக்கம்தான் இருந்தது. 2010 மே 1ஆம் தேதி, உலகக் கோப்பைக் கால்பந்துக்குச் சற்று முன்னால், லா மெர்சியில் கிங் ஷாகா விமான நிலையம் திறந்தது. டர்பன் நகரத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 35 கிலோமீட்டர். கரும்புக்காட்டு நடுவில் 3,700 மீட்டர் நீளத்தில் ஒரே ஒரு ஓடுபாதை.

சட்டம் எதைத் தடுக்கிறது

வேலியில் தொங்கும் சில பழைய பலகைகளில் இன்னும் 'நேஷனல் கீ பாயிண்ட்' (தேசிய முக்கிய இடம்) என்ற சொல்லைப் பார்க்கலாம். அது 1980இல், நிறவெறி அரசு போட்ட சட்டத்தின் பெயர். எந்தெந்த இடங்கள் அதில் வருகின்றன என்ற பட்டியலையே நெடுங்காலம் ரகசியமாக வைத்திருந்தார்கள். 2014 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பட்டியல் வெளியே வந்தது. பெரிய விமான நிலையங்களும் அதில் இருந்தன. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2019இல் முக்கிய உள்கட்டமைப்புப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது.

ஸ்பாட்டர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். புதிய சட்டம் படம் எடுப்பதைப் பற்றிப் பேசும் இடத்தில், அது குறிவைப்பது பாதுகாப்பு ஏற்பாடுகளை: வேலி, கேமராக் கம்பம், வாயில், சோதனைச் சாவடி, ரோந்து வண்டி, காவலர் நிற்கும் இடம். ஆகவே ஃபிரேமை இறுக்கமாக வையுங்கள். விமானமும் வானமும் இருக்கட்டும். வேலியும் கேட்டும் முன்னால் தெரிகிற 'சூழலோடு சேர்ந்த' படங்கள் அழகாக இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் யாராவது வந்து கேமராத் திரையைப் பார்க்கும்போது, வரிசையாக ஐம்பது விமானப் படங்கள் இருந்தால் பேச்சு முடிந்தது. நடுவில் காவலர் கூண்டின் படம் ஒன்று வந்தால் பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும்.

ராணுவம் தனி விஷயம். பிரிட்டோரியா பக்கம் வாட்டர்க்ளூஃப் போன்ற விமானப்படைத் தளங்களின் வேலியோரம் கேமராவை எடுக்கவே வேண்டாம். அங்கே 2002ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் வரும், சமாளிப்பது கடினம். 2001 நவம்பரில் கிரேக்க நாட்டில் கலமாட்டா விமானப்படைத் தளத்துக்கு ஒரு திறந்த நாள் பார்க்கப் போன 12 பிரிட்டிஷ்காரர்களையும் 2 டச்சுக்காரர்களையும் உளவாளிகள் என்று பிடித்துவைத்தார்கள். அவர்கள் விமானங்களின் பதிவு எண்களைக் குறித்துவைத்திருந்ததே பெரிய சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 2002 ஏப்ரலில் தண்டனை, அதே ஆண்டு நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை. ஓராண்டு அலைச்சல். இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி ஒன்றுமே தெரியாத அதிகாரிக்கு எண்களால் நிறைந்த நோட்டுப் புத்தகம் எப்படித் தெரியும் என்பதை அவர் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள்.

டிரோன் வைத்திருக்கிறவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது என்பது இங்குள்ள விதி. அதில் பிடிபட்டால் நான் கீழே எழுதப்போகிற எதுவும் உதவாது.

கிளம்புவதற்கு முன்

அடையாளத் தாள் முதல் வேலை. இந்த நாட்டுக் குடிமக்கள் அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் விசாப் பக்கத்தையும் நகல் எடுத்து, காவல் நிலையத்தில் கொடுத்து முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்தக் காவல் நிலையத்திலும் காசு வாங்காமல் செய்துகொடுப்பார்கள். அசல் பாஸ்போர்ட்டைக் கரும்புக்காட்டுப் பக்கம் கொண்டுபோய் தொலைத்துவிட்டு நிற்க வேண்டாம். குடிவரவுச் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி, நீங்கள் குடிமகனா, நிரந்தரவாசியா, வெளிநாட்டவரா என்று போலீஸ் அதிகாரி கேட்கலாம். பதில் நியாயமாகத் திருப்தி தரவில்லை என்றால் சரிபார்க்கும்வரை பிடித்துவைக்கலாம். விமானத்தைப் படம் எடுத்ததற்காக ஆரம்பித்த பேச்சு விசாப் பேச்சாக மாறுவது இந்த இடத்தில்தான். நகல் கையில் இருந்தால் மாறாது.

எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று வரைபடத்தில் காட்டும் ஃப்ளைட்ரேடார்24 செயலி போனில் இருந்தால் போதும். கட்டுப்பாட்டுக் கோபுரம் விமானிகளோடு பேசுவதைக் கேட்கும் ரேடியோ சிலருக்கு ஆசை. ஆன்டெனா வைத்த கருவி ஒன்று கையில் இருந்தால், அது என்ன என்று விளக்குவதிலேயே பாதி நேரம் போய்விடும். ஆரம்பத்தில் வேண்டாம். ராணுவப் புள்ளித்துணி உடுப்பும் வேண்டாம். அனுமதி இல்லாமல் படைச் சீருடை அணிவது இங்கே குற்றம், உங்களுடையது வெறும் கடைத்துணிதான் என்று சாலையில் நின்று நிரூபிக்க முடியாது. ஏணியும் வேண்டாம். ஐரோப்பாவில் ஸ்பாட்டர்கள் வேலிக்கு மேலாக எடுக்கச் சின்ன ஏணி கொண்டுபோவார்கள். இங்கே வேலியில் ஏணி சாய்த்து நிற்கிறவனை யாரும் ஸ்பாட்டர் என்று நினைக்கமாட்டார்கள்.

முன்பு எடுத்த நல்ல படங்கள் பத்துப் பதினைந்தை போனில் ஓர் ஆல்பமாக வைத்துக்கொள்ளுங்கள். நிறைய விளக்கத்தை இது மிச்சப்படுத்தும். இன்னும் படமே எடுக்காதவர் என்றால், உங்களுக்குப் பிடித்த மாடல்களின் படங்களையாவது வைத்திருங்கள்.

தனியாகப் போகாதீர்கள். போலீஸை விடக் கேமரா பறிப்பவர்களைப் பற்றித்தான் இந்த நாட்டில் அதிகம் யோசிக்க வேண்டும். இரண்டு பேராவது இருந்தால் ஒருவர் வானத்தைப் பார்க்கும்போது இன்னொருவர் சாலையைப் பார்க்கலாம். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

எங்கே நிற்பது

காற்றைப் பார்த்து இடத்தை முடிவு செய்ய வேண்டும். விமானம் எதிர்க்காற்றில்தான் இறங்கும், ஏறும். டர்பனில் நல்ல வெயில் நாளில் பெரும்பாலும் வடகிழக்குக் காற்று. அப்போது விமானங்கள் தென்மேற்கிலிருந்து வந்து 06 என்ற முனையில் இறங்கும். மேகமும் தூறலுமாகத் தென்மேற்குக் காற்று திரும்பினால் மறுமுனையான 24இல், டோங்காட் பக்கத்திலிருந்து இறங்கும். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஃப்ளைட்ரேடாரில் கடைசியாக இறங்கிய இரண்டு விமானங்கள் எந்தப் பக்கமாக வந்தன என்று பார்த்தாலே போதும்.

வெளிச்சம் இன்னொன்று. சென்னையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்தவர்களை இது குழப்பும்: இங்கே நண்பகல் சூரியன் வடக்கில் நிற்கும். ஓடுபாதைக்குத் தெற்கே நின்றால் பகலெல்லாம் எதிர்வெயில்தான். பிற்பகலுக்கு வடமேற்குப் பக்கம் நல்லது.

புதியவர்களுக்கு நான் சொல்கிற முதல் இடம் மவுண்ட் மோர்லேண்ட். தென்மேற்கு முனையிலிருந்து கொஞ்ச தூரத்தில், இறங்கும் பாதைக்குக் கீழே இருக்கிற சிறு குடியிருப்பு. அங்குள்ள நாணல் சதுப்புக்குக் கோடைக்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து தகைவிலான் குருவிகள் லட்சக்கணக்கில் வந்து இரவு தங்கும். விமான நிலையம் கட்டும்போது இந்தக் குருவிகளால் பெரிய வாதம் நடந்து, கடைசியில் பறவைகளைக் கண்காணிக்க ரேடார் வைத்தார்கள். ஸ்பாட்டருக்கு இதில் என்ன லாபம்? குருவி பார்க்க மடக்கு நாற்காலியும் பைனாகுலரும் கேமராவுமாகக் கூட்டம் வந்து பழகிய இடம் அது. அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, மாலை நேரத்தில், நீங்கள் லென்ஸோடு நின்றால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அப்போதுதான் விமானமும் விளக்கைப் போட்டுக்கொண்டு தலைக்கு மேலே இறங்கும். துபாயிலிருந்து வரும் எமிரேட்ஸ் 777 தான் கிங் ஷாகாவில் எல்லோரும் காத்திருக்கும் விமானம். அதன் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி ஃப்ளைசஃபேர் 737, ஏர்லிங்கின் எம்ப்ரேயர், லிஃப்ட் ஏ320 என்று உள்நாட்டு விமானங்கள் நாள் முழுக்க வரும்.

கரும்புக்காட்டுக்குள் இறங்காதீர்கள். அது தனியார் நிலம். 1959ஆம் ஆண்டின் அத்துமீறல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மாம்பா பாம்பும் உயிரோடு இருக்கிறது. அறுவடைக்கு முன் கரும்பைக் கொளுத்துவார்கள், அந்த நேரத்தில் உள்ளே நிற்பது பைத்தியக்காரத்தனம். என்2 நெடுஞ்சாலையின் ஓரத்தில் காரை நிறுத்திப் படம் எடுப்பதும் கூடாது. அவசரம் இல்லாமல் அங்கே நிறுத்துவதே போக்குவரத்துக் குற்றம், மெட்ரோ போலீஸுக்கு உங்களைப் பிடிக்க வேறு காரணமே தேவைப்படாது. மேற்குப் பக்கத்து ஆர்102 சாலையிலும் வண்டி நிறுத்த ஒழுங்கான இடம் உள்ள பகுதியில் மட்டும் நில்லுங்கள். வீட்டு வாசல் முன்னால் நிற்பதாக இருந்தால் அந்த வீட்டு அங்கிளிடமோ ஆன்ட்டியிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 'சந்தேகப்படும்படி ஒரு கார் நிற்கிறது' என்று போலீஸுக்குப் போகும் போன் பெரும்பாலும் அந்த ஜன்னலிலிருந்துதான் போகும். அதே ஆன்ட்டிக்கு உங்களைத் தெரிந்துவிட்டால் டீ வரும்.

ஜோகன்னஸ்பர்க்கில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக: ஓ.ஆர். டம்போ கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வெயில் ஏறினால் ஓடுபாதை மேல் கானல் ஆடும், காலை சீக்கிரம் போங்கள். பாதுகாப்பு ஆட்கள் அங்கே டர்பனை விட விறைப்பாக இருப்பார்கள். அதற்குக் காரணமும் உண்டு. 2017 மார்ச்சில் போலீஸ் உடையில், போலீஸ் வண்டி மாதிரியான வண்டியில் வந்த கும்பல் அந்த விமான நிலையத்துக்குள்ளேயே கொள்ளையடித்துவிட்டுப் போனது.

வந்திருப்பவர் யார்

இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். யூனிஃபார்ம் போட்ட எல்லோரும் போலீஸ் இல்லை, எல்லோருக்கும் ஒரே அதிகாரமும் இல்லை.

முதலில் வருபவர் அநேகமாகத் தனியார் செக்யூரிட்டி ஆள். பக்கி என்று இங்கே சொல்கிற சிறு பிக்கப் வண்டியில் வருவார், கம்பெனிப் பெயர் சட்டையில் இருக்கும். இங்கே ஒவ்வொரு செக்யூரிட்டி ஊழியரும் பிசிரா என்ற ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அட்டையும் இருக்கும். பொதுச் சாலையில் அவருக்கு உங்களைவிடப் பெரிய அதிகாரம் எதுவும் கிடையாது. பெரிய குற்றம் கண்ணெதிரே நடந்தால் எந்தக் குடிமகனும் பிடிக்கலாமே, அந்த அளவுதான். உங்கள் பையைச் சோதிக்கவோ கேமராவை வாங்கவோ உங்கள் சம்மதம் வேண்டும். ஆனால் விமான நிலையத்தின் எல்லைக்குள், கார் நிறுத்துமிடத்திலோ டெர்மினலிலோ இருந்தால் கதை வேறு. பொதுக் கட்டிடங்களுக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்த 1985இல் போட்ட சட்டம் இருக்கிறது. அடையாளம் கேட்கலாம், பையைத் திறக்கச் சொல்லலாம், வெளியே போகச் சொல்லலாம். போகச் சொன்னால் போய்விடுங்கள். வாதாட வேண்டிய இடம் அது இல்லை. சோதனைச் சாவடியையும் குடிவரவுக் கூடத்தையும் எங்கிருந்தும் எடுக்காதீர்கள்.

அவருக்கு அதிகாரம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லத் தேவை இல்லை. அவர் கையில் ரேடியோ இருக்கிறது, அதில் அவர் என்ன சொல்கிறாரோ அதை வைத்துத்தான் அடுத்து வரும் வண்டியில் இருக்கிறவர் உங்களைப் பார்ப்பார். 'இங்கே ஒருவர் விமானப் படம் எடுக்கிறார், நல்ல மனிதர்' என்பதற்கும் 'ஒருவன் பதில் சொல்ல மறுக்கிறான்' என்பதற்கும் எவ்வளவு தூரம்!

அடுத்தது மெட்ரோ போலீஸ். டர்பனுக்கும் ஓ.ஆர். டம்போ இருக்கும் எக்குருலெனிக்கும் தனித்தனி. இவர்களின் முக்கிய வேலை போக்குவரத்து, நகராட்சி விதிகள், குற்றத் தடுப்பு. கைது செய்யலாம், ஆனால் வழக்கைத் தேசியப் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். இவர்கள் வந்தால் உங்கள் கார் நிற்கும் இடத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள், கேமராவை அப்புறம்தான்.

மூன்றாவது சாப்ஸ் என்று எல்லோரும் சொல்கிற தென்னாப்பிரிக்கப் போலீஸ். இவர்களிடம்தான் முழு அதிகாரம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (1977) 41ஆம் பிரிவுப்படி, நியாயமான சந்தேகம் இருந்தால் பெயரும் முகவரியும் கேட்கலாம்; சொல்ல மறுத்தாலோ பொய் என்று தோன்றினாலோ சரிபார்க்க 12 மணி நேரம் வரை பிடித்துவைக்கலாம். ஆகவே பெயர், முகவரி கேட்டால் உடனே சரியாகச் சொல்லிவிடுங்கள். டெர்மினலுக்குள் இவர்கள் தவிர எல்லை மேலாண்மை ஆணையத்தின் ஆட்களும் இருப்பார்கள். குடிவரவு வேலை 2023இலிருந்து அவர்களிடம்.

சாதாரண உடையில், பெயர் எழுதாத காரில் ஒருவர் வந்து 'போலீஸ்' என்றால், நியமன அட்டையைக் காட்டும்படி மரியாதையாகக் கேளுங்கள். நிஜப் போலீஸ் அதற்குக் கோபப்படமாட்டார், இந்த நாட்டில் போலி போலீஸ் எவ்வளவு என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். மனம் ஒப்பவில்லை என்றால் 10111க்குப் போன் போட்டுக் கேட்கலாம், அல்லது பக்கத்துக் காவல் நிலையத்தில் போய்ப் பேசலாம் என்று சொல்லலாம்.

எப்படிப் பேசுவது

லென்ஸை இறக்குங்கள். அவர் வண்டியை விட்டு இறங்கும்போதும் கேமரா கண்ணில் இருந்தால் அது ஓர் அவமரியாதை. கையைப் பைக்குள் விடாதீர்கள். அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்றால் 'எடுக்கிறேன்' என்று சொல்லிவிட்டு எடுங்கள். காருக்குள் இருந்தால் கண்ணாடியை இறக்கி, கைகளை ஸ்டீயரிங் மேல் வையுங்கள். இது போலீஸ்காரர்கள் துப்பாக்கிக்குப் பலியாகிற நாடு, அவர்களும் பயந்துகொண்டுதான் வருகிறார்கள்.

வணக்கம் முதலில். குவாசுலு-நட்டாலில் ஒருவரைப் பார்த்தவுடன் கும்பிடுபோடாமல் விஷயத்துக்கு வருவது நம்மூரில் வந்தவரை 'வாங்க' என்று சொல்லாமல் இருப்பது போலத்தான். சுலு மொழியில் ஒருவர் என்றால் 'சாவுபோனா', ஒருவருக்கு மேல் என்றால் 'சனிபோனானி'. வயதில் பெரியவர் என்றால் 'பாபா' அல்லது 'மாமா' சேர்த்துக்கொள்ளலாம். 'மாமா' என்பது இங்கே அம்மா வயதுப் பெண்ணுக்கு, நம் மாமன் உறவு இல்லை, ஆண் அதிகாரியை அப்படிக் கூப்பிட்டுவிடாதீர்கள். அதன் பிறகு ஆங்கிலத்தில் பேசலாம்.

சொல்ல வேண்டியது மூன்று வாக்கியம்: விமானங்களைப் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. இப்போது இந்த விமானத்துக்காகக் காத்திருக்கிறேன். அது போன பிறகு கிளம்பிவிடுவேன். போனில் அந்த விமானம் வரைபடத்தில் நகர்வதைக் காட்டுங்கள். இது வேலை செய்கிற அளவுக்கு எந்தச் சட்ட வாதமும் வேலை செய்யாது. துபாய் விமானம் இப்போது மொசாம்பிக் மேல் வருகிறது என்று காட்டினால், பாதிப் பேர் தாங்களே இருந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

செய்யக் கூடாதது: கேட்ட உடனே சட்டப் பிரிவு எண் சொல்லுவது, அதிகாரியின் முகத்துக்கு நேரே போனைத் தூக்கிப் பதிவு செய்வது, கூட வந்தவரோடு தமிழில் குசுகுசுவென்று பேசுவது. கடைசியில் சொன்னது நம் ஆட்களுக்கு வரும் வழக்கமான வம்பு. 'அண்ணா, என்ன சொல்லட்டும்?' என்று பக்கத்தில் திரும்பிக் கேட்பது உங்களுக்கு இயல்பு. புரியாதவருக்கு அது ஏதோ ஒளிப்பது போலத் தெரியும்.

'கிளம்புங்கள்' என்றால்? பொதுச் சாலையில் நிற்க உங்களுக்கு உரிமை உண்டுதான். என் கருத்தில், பத்தில் ஒன்பது முறை கிளம்பிவிடுவதே நல்லது. மறுநாள் இன்னொரு விமானம் வரும். அடிக்கடி போகிற இடமாக இருந்து, ஒவ்வொரு முறையும் விரட்டினால், பகல் நேரத்தில் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கே போய், வாரக் கடைசியில் இந்த இடத்தில் நின்று படம் எடுப்போம் என்று பெயரும் கார் எண்ணும் எழுதிக் கொடுத்துவிட்டு வருவது நல்ல வழி. அனுமதி என்று எதுவும் தரமாட்டார்கள். ஆனால் அடுத்த முறை யாராவது போன் செய்தால், 'அவர்கள்தான்' என்று சொல்ல அங்கே ஒருவர் இருப்பார்.

'கூல்ட்ரிங்க்' காசு என்று லஞ்சம் கேட்டால் கொடுக்காதீர்கள், நீங்களாக நீட்டவும் நீட்டாதீர்கள். 2004ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுப்பவரும் குற்றவாளிதான். ஒன்றும் செய்யாமல் நின்ற நீங்கள் அந்த நிமிடத்தில் நிஜமாகவே குற்றம் செய்தவர் ஆகிவிடுவீர்கள். சிரித்துக்கொண்டே, அபராதம் இருந்தால் சீட்டு எழுதிக் கொடுங்கள், கட்டிவிடுகிறேன் என்று சொன்னால் போதும்.

படத்தை அழி, கேமராவைக் கொடு

திரையில் படங்களைக் காட்டச் சொன்னால் காட்டுங்கள், கேமரா உங்கள் கையில் இருக்கட்டும், நீங்களே நகர்த்துங்கள். நீங்கள் மனமுவந்து காட்டுவது வேறு, அவர் பறிப்பது வேறு. பிடியாணை இல்லாமல் ஒரு பொருளைக் கைப்பற்ற வேண்டும் என்றால் உங்கள் சம்மதம் வேண்டும். அல்லது அது குற்றத்தோடு தொடர்புடையது, பிடியாணை வாங்கப் போனால் காரியம் கெட்டுவிடும் என்று நம்ப நியாயமான காரணம் வேண்டும். இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு.

படத்தை அழிக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கும் இல்லை. கொஞ்சம் யோசித்தால் காரணம் புரியும்: அந்தப் படம் குற்றம் என்றால் அது சாட்சி, சாட்சியை அழிக்கக் கூடாது; குற்றம் இல்லை என்றால் அழிக்க வேண்டிய அவசியமே இல்லை. பத்திரிகையாளர்களின் கேமராவைப் பறிக்கக் கூடாது என்று போலீஸின் சொந்த நிலை ஆணை 156 சொல்கிறது. நாம் பத்திரிகையாளர் இல்லை என்றாலும், போலீஸ் தன் ஆட்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

சரி, அழித்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால்? ஒரு முறை மரியாதையாக மறுத்துப் பாருங்கள். சூழ்நிலை சூடாகிறது, இடமும் தனிமை என்றால் அழித்துவிடுங்கள். பிறகு அந்த மெமரி கார்டில் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். வெளியே எடுத்துப் பத்திரமாக வையுங்கள். அழித்த படம் கார்டில் உடனே மறைந்துவிடாது. மேலே புதுப் படம் எழுதப்படாதவரை மீட்பு மென்பொருளால் திரும்ப எடுத்துவிடலாம். இதற்காகவே எப்போதும் இரண்டாவது கார்டு ஒன்று பையில் இருக்க வேண்டும்.

கேமராவையே எடுத்துக்கொண்டால் கையால் தடுக்காதீர்கள். 'நான் சம்மதிக்கவில்லை' என்று தெளிவாகச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். அதிகாரியின் பெயர், சட்டையில் உள்ள பெயர்ப்பட்டை, வண்டி எண், எந்தக் காவல் நிலையம் என்று மனதில் வாங்குங்கள். கைப்பற்றிய பொருளை சாப் 13 என்ற பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு வாங்காமல் நகராதீர்கள். கேமராவின் வரிசை எண்ணை முன்கூட்டியே போனில் படம் எடுத்து வைத்திருந்தால் அன்றைக்குப் புரியும் அதன் அருமை.

ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால்

முதலில் ஒரு கேள்வி: 'நான் கைது செய்யப்பட்டிருக்கிறேனா?' இல்லை என்றால் போகலாமா என்று கேளுங்கள். ஆம் என்றால் காரணத்தைச் சொல்லச் சொல்லுங்கள். அரசியல் சட்டத்தின் 35ஆம் பிரிவு தெளிவு: மௌனமாக இருக்கும் உரிமை உண்டு, வழக்கறிஞரோடு பேசும் உரிமை உண்டு, 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும், அந்த நேரம் வாரக் கடைசியில் முடிந்தால் அடுத்த வேலை நாள். வெள்ளிக்கிழமை மாலையில் வீம்பு பேசக் கூடாது என்று மூத்த ஸ்பாட்டர்கள் சொல்வது இதனால்தான். சின்னக் குற்றங்களுக்கு ஸ்டேஷனிலேயே போலீஸ் ஜாமீன் கேட்கலாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லை என்றால் லீகல் எய்ட் சவுத் ஆஃப்ரிக்காவின் இலவச எண் 0800 110 110. இந்தியக் குடிமக்கள் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். டர்பனிலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. இலங்கைக்காரர்களுக்கு பிரிட்டோரியா.

விசாவில் இருப்பவர்கள் இந்த ஒன்றை மறக்கக் கூடாது. 'சும்மா இந்த அபராதத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள்' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். கைரேகை எடுத்து, குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டும் அபராதம் என்றால், அது உங்கள் பெயரில் குற்றப் பதிவாக ஏறக்கூடும். அன்றைக்குச் சில நூறு ராண்டில் முடிந்தது போல இருக்கும். நிரந்தர வசிப்புக்கோ வேறு நாட்டு விசாவுக்கோ போலீஸ் சான்றிதழ் எடுக்கப் போகும்போதுதான் அது வெளியே வரும். சாதாரணப் போக்குவரத்து அபராதச் சீட்டு அப்படி இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் வழக்கறிஞரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இரவு அங்கேயே இருக்க நேர்ந்தாலும் பரவாயில்லை.

புகார் கொடுப்பது பற்றி: மரியாதைக் குறைவு, காரணம் இல்லாமல் விரட்டியது போன்றவற்றை அந்த நிலையத்தின் தலைமை அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். அடித்தாலோ லஞ்சம் கேட்டாலோ ஐபிட் என்ற சுதந்திரமான போலீஸ் விசாரணை இயக்ககத்துக்குப் போகலாம். செக்யூரிட்டி ஆள் என்றால் பிசிரா. எங்கே போனாலும் தேதி, நேரம், பெயர், வண்டி எண் கேட்பார்கள், ஆகவே காருக்குள் போய் உட்கார்ந்த உடனே போனில் குரலாகவாவது பதிவு செய்துவையுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு முதல் நாளே வேலிப்பக்கம் போகத் தயக்கமாக இருந்தால், யாரும் கேள்வி கேட்காத இடங்களில் கை பழகலாம். டர்பன் நார்த்தில் கடலோரம் வர்ஜினியா என்ற சிறிய விமானத் திடல் இருக்கிறது, பயிற்சி விமானங்களும் ஹெலிகாப்டர்களும் ஏறி இறங்கும். நகரும் விமானத்தைக் கேமராவால் தொடர்ந்து பிடிக்கப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. ஜோகன்னஸ்பர்க் பக்கம் போனால் ஜெர்மிஸ்டனில் ராண்ட் விமான நிலையத்தில் சவுத் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. லெபோம்போ என்ற 747-200ம், குட்டையான மலூட்டி என்ற 747எஸ்பியும் அங்கே நிற்கின்றன. நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு, சக்கரத்துக்கு அடியில் படுத்துக்கூடப் படம் எடுக்கலாம். கூடவே இருக்கும் தொண்டர்கள் பெரும்பாலும் விமானத் துறையிலேயே வேலை பார்த்தவர்கள், எந்த எஞ்சின், எந்த ஆண்டு என்று கேட்டால் விடமாட்டார்கள், மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள்.